வல்லியின் இடப்பக்கம்

மணி மூன்று ஐந்து. புயல் பூமிநாதனின் இடது கண்ணை நேராக்கியாயிற்று, வலது கண் இன்னும் மேலே ஹெலிகாப்டரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஹெலிகாப்டர்தான் இல்லை. நாற்பது வருஷத்துக்கு முந்தைய காமிக்ஸ் அட்டையில் இருந்ததைப் போன வாரமே அழித்துவிட்டார்கள், அது பூமிநாதனுக்குத் தெரியாது, பாவம், ஆகாயத்தில் காத்தாடியைத் தொலைத்தவன் மாதிரி நிற்கிறான். சுகிர்தா மவுஸை ஒரு மயிரிழை நகர்த்தினாள். கருவிழி கூடுதலாக ஓடி மூக்கைப் பார்த்தது. திரும்ப முதலிலிருந்து. எட்டுப் பேர், பதினாறு கண், அதில் துப்பறியும் தவசிக்குக் கறுப்புக் கண்ணாடி, ஆகப் பதினான்கு, அந்தக் காலத்தில் தவசிக்குக் கண்ணாடி மாட்டிய ஓவியர் எந்த ஊராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். "நாலு மணிக்கு அச்சுக்கு பிளேட் போடணும் தாயி" என்று அச்சக முதலாளி ரத்தினசாமி அண்ணாச்சி காலையிலிருந்து நாலு தரம் சொல்லிவிட்டார். நாலு பத்துக்கு ரயில் வருகிறது என்று இவள் ஒருதரம்கூட அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, யாரைப் பார்க்கப் போகிறாய் என்று கேட்பார், தோழி என்றால் வரச் சொல்லு தாயி, காபி சாப்பிட்டுப் போகட்டும் என்பார், இரண்டு வருஷமாகப் பேசாத தோழி அண்ணாச்சி, ரயில் இரண்டு நிமிஷம்தான் நிற்கும் அண்ணாச்சி, அந்த இரண்டு நிமிஷத்துக்குள் ஒன்றைச் சொல்ல வேண்டும், எதை என்பதுதான் இன்னும் ஓடவில்லை என்றா சொல்வது. நேற்று சாயங்காலம் செய்தி வந்தது. பழைய எண்தான், பெயரை இவள் அழிக்கவே இல்லை. 'நாளைக்கு பாசஞ்சர்ல மதுரை போறேன். ராத்திரி துபாய் ஃப்ளைட். ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல வேலை. நாலு பத்துக்கு சிவகாசி. முன்னால இருந்து மூணாவது பெட்டி.' அவ்வளவுதான். வா என்று இல்லை. வராதே என்றும் இல்லை. ஆனால் மூன்றாவது பெட்டி என்று எதற்கு எழுதுவாள், வர வேண்டாம் என்று நினைக்கிற ஒருத்தி பெட்டி எண்ணைச் சொல்வாளா, இல்லை, ராபியத் எப்போதும் அப்படித்தான், வழி சொன்னால் கடைசிப் படிக்கட்டு வரை சொல்லுவாள், அதற்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது. பூமிநாதனின் வலது கண் நேரானது. இப்போது அவன் சுகிர்தாவை முறைத்தான்.

அடுத்தவன் கந்தகக் காளை, மார்பிலிருந்து புகை விடுகிறவன். அவன் கீழே பள்ளத்தைப் பார்க்கிறான், அவனுடைய அட்டையில் பள்ளத்துக்குள் ஒரு முதலை இருந்தது. எட்டுப் பேரும் இப்படித்தான். மூடிப்போன மூன்று காமிக்ஸ் பத்திரிகைகளின் நாயகர்களை அண்ணாச்சி மொத்தமாக வாங்கி, ஒன்றாகச் சேர்த்து, 'எண்மர் அணி' என்று பெயர் வைத்து, முதல் இதழ் அட்டைக்கு ஒவ்வொருவரையும் அவரவர் பழைய அட்டையிலிருந்து வெட்டி எடுத்து வரிசையாக நிறுத்தச் சொன்னார். நிறுத்தியபோதுதான் தெரிந்தது, ஒருத்தர்கூட இன்னொருத்தரைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவனும் தன் எதிரியைப் பார்த்தபடி வரையப்பட்டவன், எதிரியை எடுத்துவிட்டார்கள், பார்வை மட்டும் மிச்சம். அணியாம் அணி. பஸ் ஸ்டாண்டில் எட்டு ஊர் பஸ்ஸுக்கு நிற்கிற எட்டுப் பேர். "எல்லாரும் வாசகரைப் பாக்கணும் தாயி, கண்ணைத் திருப்பிரு, நீதான் யுனிவர்சிட்டியில படிக்கியே" என்றார் அண்ணாச்சி. முதுகலை இரண்டாம் ஆண்டுக்கும் கருவிழிக்கும் என்ன சம்பந்தம் என்று இவள் கேட்க, விடுமுறை வேலைக்கு வந்த பெண் கேட்கிற கேள்வியா இது என்று பக்கத்து மேசைக் கனியக்கா சிரித்தாள். கனியக்கா இந்த மாடியில் பதினேழு வருஷமாக எழுத்துக் கோர்க்கிறாள், டைரி, காலண்டர், பட்டாசு லேபிள், கல்யாணப் பத்திரிகை, இப்போது காமிக்ஸ். காளையின் கண் கனமாக இருந்தது, நகர்த்தினால் கண்ணுக்குக் கீழே பழைய மை நின்றுவிடுகிறது, அழுதவன் மாதிரி. அழட்டும். மூன்று பதினான்கு. கீழே அச்சு இயந்திரம் ஓடுகிற அதிர்வு நாற்காலிக்கால் வழியாக முதுகில் ஏறியது. சொல்ல வேண்டியதை மூன்று பகுதியாகப் பிரித்தால் என்ன. முதலாவதாக, நான் செய்தது தவறு. இரண்டாவதாக, அதற்குப் பின்னாலிருந்த நோக்கம். அட, சீ. ரயில் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு முதலாவதாக இரண்டாவதாகவா? பேச்சுப் போட்டி மாதிரி நேரம் முடிந்ததென்று மணி அடிக்க ஆள் வேண்டாமா?

ஐந்தாவது ஆள் வைரநகம் வல்லி. அவளைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று காலையிலிருந்தே தள்ளிப்போட்டாள், ஆனால் கை தானாக அங்கேதான் போகிறது. வல்லி இடது பக்கமாகக் கொஞ்சம் குனிந்து பார்க்கிறாள், சிரிக்கப் போகிறவள் போல. இடது கை நீண்டு கீழே சரிந்திருக்கிறது, யார் தோளிலோ போட்ட கை. தோளைக் காணோம். தோளுக்குரியவள் அஞ்சலை. அஞ்சலை இல்லாமல் வல்லியின் கதை ஒன்றுகூட கிடையாது, ஏனென்றால் வல்லிக்குக் காது கேட்காது, கல்குவாரி வெடியில் போன காது, கண்ணாடியை, இரும்பை, எதையும் நகத்தால் கிழிப்பாள், ஆனால் பின்னால் வருகிறவனை அஞ்சலைதான் கேட்டுச் சொல்ல வேண்டும், வல்லியின் மணிக்கட்டில் விரலால் தட்டிச் சொல்லுவாள். அப்படிப்பட்ட அஞ்சலையை அண்ணாச்சி வாங்கவில்லை. வக்கீல் அட்டைத் தலைப்புகளைப் பார்த்துப் பட்டியல் எழுதினார், தலைப்பில் வல்லி பெயர் இருந்தது, அஞ்சலை பெயர் இல்லை, ஆகவே அஞ்சலை விற்பனையில் சேரவில்லை. வாங்காத ஆளை அச்சடித்தால் வழக்கு வரும் என்கிறார்கள். சரி, அந்தரத்தில் நிற்கிற கைக்கு என்ன செய்வது? வாக்கி டாக்கி கொடுத்துவிட்டார்கள். எண்மர் அணியின் தகவல் தொடர்பு அதிகாரி வல்லி. "காது கேக்காதவ கையில வாக்கி டாக்கியா அண்ணாச்சி?" என்று சுகிர்தா போன திங்கட்கிழமை மாடிப்படி வரை துரத்திக்கொண்டே கேட்டாள். "எந்தக் கதையில காது கேக்காது?" "எல்லாக் கதையிலயும்." "நான் அட்டை மட்டும்தானே தாயி பாத்தேன்." அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் எரிச்சல், அட்டையை மட்டும் பார்த்து வாங்கியவர் அட்டையை மட்டும்தான் பார்த்தேன் என்கிறார். "அவ யாரு, என்னன்னு ஒரு வார்த்தை தெரிஞ்சுக்காம எடுத்து ஒங்க கதைக்குள்ள நிறுத்திட்டா அவ ஒங்க ஆளாயிருவாளா? அவளுக்குன்னு ஒரு…" அந்த இடத்தில் அவளுக்கே குரல் நின்றுவிட்டது. அண்ணாச்சி தன் பேச்சு ஜெயித்ததாக நினைத்துக் கீழே இறங்கிப் போனார். கனியக்கா மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். "என்னட்டி, பாதியிலே நிறுத்திட்ட? ஒனக்கு மேலுக்கு முடியலையா?"

கடையநல்லூரில் ராபியத்தின் மாமா பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை பள்ளி விட்டால் அங்கேதான், எடைக்கு வந்த கட்டுகளின் மேல் உட்கார்ந்து, முதுகில் சணல் கயிறு உறுத்த, மண்ணெண்ணெயும் எலிப்புழுக்கையும் கலந்த ஒரு வாசனை, எந்த மனிதக் குழந்தைக்கும் பிடிக்காத வாசனை, இப்போது கிடைத்தால் சுகிர்தா கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொள்வாள். அங்கேதான் வல்லி கிடைத்தாள், பதினொரு இதழ், இரண்டுக்கு அட்டை இல்லை. சுகிர்தாதான் வல்லி. அதில் பேச்சுக்கே இடமில்லை, ராபியத்தும் ஏன் என்று கேட்டதில்லை, இவள் கல் உடைத்து, சுவர் கிழித்து, வில்லனிடம் வசனம் பேசி முடிக்கிற வரை ராபியத் இடப்பக்கத்தில் இருப்பாள், கேட்டுக்கொண்டு. மணிக்கட்டில் ஒரு தட்டு என்றால் ஆபத்து. இரண்டு என்றால் ஆள் வருகிறது. மூன்று என்றால் பேச்சை நிறுத்து. பள்ளியில், தேர்வு அறையில், திருவிழாக் கூட்டத்தில், பஸ்ஸில் கண்டக்டரோடு இவள் சில்லறைக்கு மல்லுக்கட்டும்போது, எல்லா இடத்திலும் தட்டுகள் உண்டு, அதிகம் செலவானது மூன்று தட்டுதான். ராபியத்தின் விரல் குளிர்ச்சியாக இருக்கும், வெயில் காலத்திலும். இப்போது அந்த விரல் என்ன செய்துகொண்டிருக்கும், டிக்கெட்டை மடித்துக்கொண்டிருக்கும், ராஜபாளையம் தாண்டியிருக்குமா, தாண்டியிருக்காது, மூன்று இருபத்தேழு, தாண்டியும் இருக்கலாம். மூன்று இருபத்தேழா? கந்தகக் காளைக்கு ஒரு கண்தான் ஆகியிருக்கிறது.

அங்கே போகாதே மனசே, கண்ணைப் பார், கண்ணைப் பார் என்று எவ்வளவு சொன்னாலும் அது கல்லூரி அரங்கத்துக்குத்தான் போகிறது, மாட்டை ஓட்டிவிட்டால் பழகின கொட்டிலுக்குத் திரும்புகிற மாதிரி. இறுதியாண்டு. பேச்சுப் போட்டி. அயல்நாட்டு வேலை குடும்பத்தைச் சேர்க்கிறதா, பிரிக்கிறதா. இவள் பிரிக்கிறது. எதிரணிப் பையன் நன்றாகப் பேசிவிட்டான், புள்ளிவிவரம், பாலம், வீடு, படிப்பு என்று அடுக்கி உட்கார்ந்தான், கைதட்டல் அடங்கவில்லை, இவள் கையிலிருந்த குறிப்புத் தாளில் ஒன்றுமே அந்தக் கைதட்டலுக்கு ஈடாக இல்லை. அப்போதுதான் வாய் அதை எடுத்தது. வாய்தான் எடுத்ததா? 'என் தோழி ஒருத்தியின் தாய்' என்று ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த நேரத்துக்கு ராபியத்தின் வாப்பா துபாயிலிருந்து கூப்பிடுவார். ராபியத்தின் உம்மா அதற்கு முன்னால் குளித்து, பெட்டியிலிருக்கிற நல்ல சேலையைக் கட்டி, அத்தர் பூசி, போனுக்கு முன்னால் உட்காருவார். முகம் தெரிகிற போன் இல்லை, குரல் மட்டும். ஒரு சமயம் பதினொரு மாதம் போன் வரவில்லை. உம்மா ஒரு வெள்ளிக்கிழமையும் சேலையை மாற்றாமல் இருக்கவில்லை. ராபியத் பக்கத்து அறையில் சத்தமாகப் பாடம் படிப்பாள், உம்மா காத்திருப்பதைத் தான் பார்க்கவில்லை என்று உம்மா நினைத்துக்கொள்ளட்டும் என்று. பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்து ராபியத் ஒரே ஒருதரம் சொன்னது. யார்ட்டயும் சொல்லிராதட்டி. பதினொரு மாதத்துக்கு அப்புறம் போன் வந்தது, கம்பெனி பூட்டிப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்ட கதையெல்லாம் அழுதுகொண்டே சொன்னார், அடுத்த ரம்ஜானுக்கு வாப்பாவே வந்தார், ஊரெல்லாம் பேரீச்சம்பழம். அதைச் சுகிர்தா மேடையில் சொல்லவில்லை. போன் வராத இடத்திலேயே நிறுத்திக்கொண்டாள், அங்கே நிறுத்தினால்தான் வாதம் நிற்கும். கைதட்டல், எப்பேர்ப்பட்ட கைதட்டல். கல்லூரியில் இவளுக்கு ஒரே தோழி என்பது வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். மூன்றாவது வரிசையில் ராபியத்.

ராபியத் எழுந்து போகவில்லை. சண்டை போடவில்லை. மறுநாள் வகுப்பில் இடம் மாறி உட்கார்ந்தாள், அவ்வளவுதான், ஏன் என்று இவள் கேட்டபோது, "காத்து வருது அங்க" என்றாள். இவள் அதற்கும் ஒரு வாதம் வைத்திருந்தாள், பெயர் சொல்லவில்லையே, ஒரு பெண்ணின் துயரத்தைப் பொதுவில் வைப்பது அவமானமா, மௌனம்தானே அவமானம், எல்லாம் சரியான வாதம், இன்றைக்கும் சரியான வாதம், எந்த நடுவரும் மார்க் போடுவார். அது இல்லை விஷயம். விஷயம் வேறு, அதன் பக்கத்தில் போகும்போதெல்லாம் மனசு வெந்நீரில் விரல் பட்டது போல விலகிக்கொள்கிறது. 'என் தோழி ஒருத்தியின் தாய்' என்று சொன்னவுடன் மூன்றாவது வரிசை மேசையின் மேல் ராபியத்தின் விரல் மூன்று தரம் தட்டியது. பார்த்தாளா, பார்க்கவில்லையா. மேடை விளக்குக் கண்ணில் அடித்தது. அந்தத் தூரத்தில் விரல் தெரியுமா. எல்லாரும் ஏதோ செய்துகொண்டிருப்பார்கள், பேனாவை உருட்டுவார்கள், மேசையைத் தட்டுவார்கள். இரண்டு வருஷமாக இதையே சொல்லிச் சொல்லி, பார்க்கவில்லை என்பது கிட்டத்தட்ட உண்மையாகவே ஆகிவிட்டது, விடுதி அறைத்தோழியிடம் சொன்னாள், ஒரு பாதிரியாரிடம்கூடச் சொன்னாள், தெரியாமல் நடந்துவிட்டது என்று. தெரியாமல் நடந்துவிட்டதுட்டி. அதைத்தான் இன்றைக்கும் சொல்லப் போகிறாள். சுருக்கம், ரயில் நேரத்துக்குப் பொருந்தும், இரண்டே சொல். ராபியத் மன்னித்தும்விடலாம். தெரியாமல் செய்ததை மன்னிக்காதவர் யார். ஆனால் மன்னிக்கப்படுகிற அந்தப் பெண் யாராக இருப்பாள், இவளாக இருக்க மாட்டாளே, விளக்குக் கண்ணில் அடித்த வேறு ஒருத்தியை ராபியத் மன்னித்துவிட்டுத் துபாய் போய்விடுவாள், இவள் அப்படியே இங்கே நிற்பாள், மன்னிப்புக் கிடைக்காமல், கேட்கவும் இனி வழியில்லாமல்.

மூன்று நாற்பத்தெட்டு. எப்படியோ காளை முடிந்தது, மற்றவர்களும் வேகத்தில் திரும்பினார்கள், ஒருவனுக்கு மாறுகண் போலத்தான் இருக்கிறது, போகட்டும். கடைசியாக வல்லி. இடப்பக்கம் குனிந்த கண்ணை நேராக்குவது சுலபம், நாலு அசைவு. நேரானதும் அந்தச் சிரிப்பு யாருக்கு என்று தெரியாத சிரிப்பாகிவிட்டது, ஜவுளிக்கடை வாசல் பொம்மைச் சிரிப்பு. அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே மேலே ஏறி வந்தார். திரையைக் குனிந்து பார்த்தார். "அருமை தாயி. இப்பத்தான் அணி மாதிரி இருக்கு. ஒரே ஒரு யோசனை. இந்தப் பொம்பளப் புள்ளைக்கு வாக்கி டாக்கி வேணாம்னுதானே நீ சொன்ன? எடுத்துருவோம். பிளாஸ்க் குடுத்துருவோம். ஏழு ஆம்பளைங்க ராவும் பகலும் அலையுதாங்கல்ல, டீ வேணும்ல." கனியக்காவின் விரல்கள் விசைப்பலகையில் நின்றுவிட்டன. அவள் ஆவலோடு சுகிர்தாவைப் பார்த்தாள், இதைக் கேட்பதற்காகவே பதினேழு வருஷம் காத்திருந்தவள் போல. வார்த்தைகள் வந்துவிட்டன, ஒன்றல்ல, பத்து, வரிசையாக, பற்ற வைத்த சரவெடி போல, டீயா, இரும்பைக் கிழிக்கிறவள் கையில் டீயா, முதல் வார்த்தைக்கு வாயும் திறந்துவிட்டது. மூன்று ஐம்பத்திரண்டு. ஆரம்பித்தால் இருபது நிமிஷம். ஜெயிக்கவும் செய்வாள், நிச்சயமாக ஜெயிப்பாள்.

"சரி அண்ணாச்சி" என்றாள்.

"என்னது?"

"பிளாஸ்க்கை கனியக்கா வச்சிருவாங்க. எனக்கு ஸ்டேஷனுக்குப் போகணும்." பையை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டிப் படியில் இறங்கினாள். பின்னால் அண்ணாச்சி, "புள்ளைக்குக் காச்சலா கனி?" என்று கேட்டதும், "நான் பிளாஸ்க் வைக்க மாட்டேன் அண்ணாச்சி, சொல்லிட்டேன்" என்று கனியக்கா சொன்னதும் காதில் விழுந்தன. விட்டுக்கொடுத்துவிட்டாள், வல்லியைப் போட்டுவிட்டு ஓடுகிறாள், நாளைக்கு வந்து சண்டை போடலாம், நாளைக்குப் பிளேட் ஆகியிருக்கும், இருபதாயிரம் வல்லிகள் டீ ஊற்றுவார்கள், அதுவும் இவள் செய்ததுதான், இதையும் யாரிடம் போய்த் தெரியாமல் நடந்தது என்பது. வெயில் தார்ச்சாலையிலிருந்து முகத்துக்கு ஏறியது. லாரி ஒன்று காகித உருளைகளோடு சந்தில் சிக்கி நின்றது, அதன் டயருக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்து ஓடினாள். முதலாவதாக என்பது போயிற்று. இரண்டாவதாக என்பதும் போயிற்று. தெரியாமல் என்கிற சொல் மட்டும் ஓட்டத்தோடு ஓட்டமாகக் கூடவே வந்தது, சொல்லு சொல்லு என்று, நல்ல பிள்ளை மாதிரி.

நடைமேடையில் கால் வைத்தபோது வண்டி நுழைந்துகொண்டிருந்தது. முதல் பெட்டி, இரண்டாவது பெட்டி, மூன்றாவது பெட்டி இவளைத் தாண்டிப் போய் நின்றது, பின்னாலேயே ஓடினாள். ஜன்னலில் ராபியத்தின் உம்மா. உம்மா இவளைப் பார்த்தார், பார்த்துவிட்டு மறுபக்க ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டார். வாசலில் ராபியத் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இறங்கவில்லை. சாம்பல் நிறத் துப்பட்டா, மூக்குக் கண்ணாடி, கண்ணாடி எப்போது போட்டாள், இரண்டு வருஷத்தில் ஒரு முகம் இப்படி யாரோ ஒருத்தியுடையது போல ஆகுமா, இல்லை, அதே முகம்தான், அந்தப் புருவம்தான்.

"வேத்து வழியுதட்டி ஒனக்கு" என்றாள் ராபியத்.

"அன்னைக்கு நீ தட்டுனத நான் பாத்தேன்" என்றாள் சுகிர்தா. மூச்சு வாங்கியது. "மூணு தரம். பாத்துட்டுத்தான் சொன்னேன்."

முறுக்கு விற்கிறவர் இருவருக்கும் நடுவில் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறினார். அவர் உள்ளே போக ராபியத் ஒதுங்கி வழிவிட்டாள்.

"தெரியும். என் கையப் பாத்துட்டுக் கண்ண வேற பக்கம் திருப்புன பாரு, அத நான் பாத்தேன்." குரலில் கோபம் இருந்ததா, இருந்தது, இரண்டு வருஷமும் அப்படியே இருந்தது. "தெரியாம நடந்துச்சுன்னு நீ சொல்லுவன்னு நெனச்சேன். கடையநல்லூர்ல ஏறுனதுல இருந்து அதுக்கு ஒரு பதில் யோசிச்சுட்டு வந்தேன். நல்ல பதில்ட்டி. நீயே அசந்துருப்ப."

"என்ன பதில்?"

"இனி எதுக்கு அது."

பச்சைக் கொடி ஆடியது. மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, இவளும் மன்னித்துவிடு என்று கேட்கவில்லை, கேட்டால் அது ஒரு வாதமாகிவிடும் என்று பயமாக இருந்தது. ராபியத் திடீரென்று பேச ஆரம்பித்தாள், அவசர அவசரமாக, எப்போதும் இவளைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவள், விமானத்தில் ஏழு கிலோதான் கையில் கொண்டுபோகலாமாம், உம்மா நாரத்தங்காய் ஊறுகாயே மூணு கிலோ கட்டியிருக்காங்களாம், அந்தப் பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை லீவாம், ஜன்னலைத் திறந்தால் பாலைவனம்தான் தெரியுமாம், பயமாக இருக்கிறதாம். பயமா இருக்குட்டி. வண்டி நகர்ந்தது. சுகிர்தா கூடவே நடந்தாள், பிறகு கூடவே ஓடினாள், ராபியத் வாசலிலிருந்து தலையை நீட்டி, "அங்க போய் எறங்குனதும் ஒனக்கு" என்றாள், மீதியை எஞ்சின் ஊதல் எடுத்துக்கொண்டது. வாய் அசைந்தது தெரிந்தது. என்ன என்று இவள் கத்தினாள். நடைமேடை முடிந்துவிட்டது.

ஒனக்கு. ஒனக்கு என்ன? பேசுறேன் என்றாளா, எழுதுறேன் என்றாளா, ஒனக்கு இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன் என்றாளா. ஒவ்வொன்றுக்கும் சாதகமாக ஒரு வாதம் வந்து நின்றது, எதிர்வாதமும் வந்து நின்றது. இரண்டையும் அவள் கேட்கவில்லை. கடைசிப் பெட்டியின் பெருக்கல் குறி விருதுநகர்ப் பக்க வளைவில் சிறுத்துச் சிறுத்து மறைகிற வரை அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நின்றாள், மறைந்த பிறகும் நின்றாள், அடுத்த வண்டி எப்போது என்று யாரோ கேட்டதற்குத் தெரியாது என்று உண்மையாகவே சொன்னாள்.